பாட்டும் படமும் மாணவர் கையில் இருக்கட்டும்

பள்ளி, கல்லூரி ஆண்டு விழாக்களில் இப்போது தவறாமல் ஒரு காணொலி திரையிடப்படுகிறது. ட்ரோன் கேமரா கட்டடத்தைச் சுற்றிப் பறக்கும். சீருடைப் பிள்ளைகள் மெதுவாக நடந்து வருவார்கள். பின்னணியில் யாரோ மெட்டமைத்து யாரோ பாடிய பாட்டு ஒலிக்கும். பெற்றோர் கைதட்டுவார்கள். படம் பிடித்தவர் வெளியிலிருந்து வந்த வீடியோகிராபர். அதை எடிட் செய்தது அவருடைய ஸ்டூடியோ. மாணவர்களுக்கு வாய்த்த ஒரே வேலை, சொன்ன இடத்தில் நின்று, சொன்ன நேரத்தில் சிரிப்பதுதான்.

அந்தக் காணொலியால் நிர்வாகத்துக்கு ஒரு விளம்பரம் கிடைக்கிறது. மாணவர்களுக்கோ, கைக்கு எட்டியிருக்க வேண்டிய ஓர் அருமையான கல்வி கிடைக்காமல் போகிறது. பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, ஒலிப்பதிவு செய்வது, படம் பிடிப்பது, தாளத்துக்கு ஏற்ப வெட்டி இணைப்பது, எழுத்தோட்டத்தில் பெயர் போடுவது என ஒரு மூன்று நிமிடப் பாட்டுக் காணொலிக்குள் அத்தனை வேலைகள் இருக்கின்றன. அத்தனையையும் மாணவர்களே செய்ய வேண்டும். ஆசிரியர் உடன் நிற்கட்டும். வேலை அவர்களுடையதாக இருக்கட்டும்.

இந்தக் கலை நமக்குப் புதிதில்லை. 1931இல் ‘காளிதாஸ்’ வெளியான நாளிலிருந்து தமிழ்த் திரை பாட்டோடுதான் வளர்ந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் தூர்தர்ஷனின் ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சிக்காகத் தெருவே ஒரு வீட்டில் கூடிய காலத்தைப் பார்த்த தலைமுறை இன்றும் இருக்கிறது. பல்லவிக்கு ஒரு காட்சி, சரணத்துக்கு இன்னொரு காட்சி, இடையிசையில் முகங்களும் மலைகளும் என்ற இலக்கணம் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பார்க்கத் தெரிந்த அவர்களைச் செய்யத் தெரிந்தவர்களாக்குவதுதான் மிச்சமிருக்கும் வேலை.

ஏரியைப் பற்றி ஒரு பாட்டு

எடுத்துக்காட்டாக, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரு பாட்டுக் காணொலி செய்கிறார்கள் என்று கொள்வோம். முதல் வேலை சொற்களைத் தேடுவது. மதகு, கலிங்கு, தூம்பு, வரத்துக் கால்வாய் ஆகியவற்றைப் பாடநூலில் ஒரு பத்தியாகப் படித்த பிள்ளைகள், பாட்டில் வைப்பதற்காக ஏரிக்கரைக்குப் போய்ப் பார்ப்பார்கள். எந்த மடை எப்போது திறக்கப்பட்டது, எந்த வாய்க்கால் எப்போது தூர்ந்தது என்று பெரியவர்களிடம் கேட்பார்கள். ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் நீர்கட்டியாக ஊரில் இருந்த ஒருவர் உயிரோடு இருந்தால், அவரைவிடச் சிறந்த ஆசிரியர் அந்த வாரத்துக்குக் கிடைக்க மாட்டார். நடவுப் பாட்டும் கும்மிப் பாட்டும் தெரிந்த பாட்டிகள் மெட்டுக்கு வழி காட்டுவார்கள். எதுகை மோனை ஏன் காதுக்கு இதமாக இருக்கிறது என்பது தேர்வுக்காகப் படித்தபோது புரியாமல் போயிருக்கலாம். ஒரு சொல் தாளத்தில் உட்கார மறுத்து, வேறொரு சொல் அப்படியே பொருந்தும்போது அது புரிந்துவிடும்.

அடுத்தது ஒலிப்பதிவு. ஸ்டூடியோ தேவையில்லை. வகுப்பறையின் வெற்றுச் சுவர்கள் குரலை எதிரொலிக்கும் என்பதால் சிறிய அறை ஒன்றைத் தேர்ந்து, சுவர்களில் பழைய கம்பளிகளையும் போர்வைகளையும் தொங்கவிட்டால் போதும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். பதிவு செய்யும் கைபேசியை ஃபிளைட் மோடில் வைக்க வேண்டும். பறையையும் உறுமியையும் அந்த அறையில் பதியக் கூடாது. அருகில் அடித்தால் மைக் தாங்காமல் ஒலி சிதைந்துவிடும். வெளியே எடுத்துப் போய், சற்றுத் தள்ளி வைத்துப் பதிய வேண்டும். எந்த ஒலிக்கு எவ்வளவு இடைவெளி என்பதைப் பிள்ளைகள் காதாலேயே கற்றுக்கொள்வார்கள். இந்தப் பதிவுகளைச் சேர்த்துச் சீராக்க ‘ஆடாசிட்டி’ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. காணொலியைத் தொகுக்க ‘ஷாட்கட்’, ‘ஓப்பன்ஷாட்’ போன்றவை உள்ளன. திரைத் துறையினரே பயன்படுத்தும் ‘டாவின்சி ரிசால்வ்’ மென்பொருளுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. அதற்குச் சற்று வலுவான கணினி வேண்டும். மற்றவை பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

கணக்கும் அறிவியலும் இறங்கி வரும் இடம்

படப்பிடிப்பு நாளில்தான் எதிர்பாராத பாடங்கள் காத்திருக்கின்றன. மைதானத்தின் ஒரு மூலையில் கேமராவும், அதன் பக்கத்தில் பாட்டை ஒலிக்கும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. பாட்டுக்கு வாயசைக்கும் மாணவி 34 மீட்டர் தள்ளி நிற்கிறாள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் போகிறது. ஆகவே பாட்டு அவள் காதுக்குப் போய்ச் சேரப் பத்தில் ஒரு விநாடி ஆகும். ஒளிக்கு அந்தத் தாமதம் கிடையாது. விநாடிக்கு 30 பிரேம் எடுக்கும் கேமராவில் அவள் உதடுகள் பாட்டுக்கு மூன்று பிரேம் பின்தங்கியே பதிவாகும். திரையில் பார்க்கும்போது எங்கோ இடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று தெரியாது. ஒலிபெருக்கியை அவள் காலடிக்குக் கொண்டுபோனால் சிக்கல் தீருமா? உதடு பாட்டோடு சரியாக அசையும். ஆனால் தொலைவிலுள்ள கேமராவின் மைக்கில் அதே பாட்டு தாமதமாகப் பதிவாகும். அந்த ஒலியை நம்பிப் படத்தைப் பொருத்தினால் மறுபடியும் பிசகும். வழி ஒன்றுதான்: அவள் பக்கத்தில் ஒருவர் நின்று, பாட்டின் முதல் தட்டில் கேமராவுக்குத் தெரியும்படி கைதட்ட வேண்டும். இரு கைகளும் சேரும் அந்த ஒரு பிரேமைக் கண்ணால் தேடிப் பிடித்து, பாட்டின் முதல் தட்டோடு இணைக்க வேண்டும். ஒலியின் வேகத்தை ஒன்பதாம் வகுப்பில் இதைவிட நன்றாகக் கற்பிக்க முடியுமா?

தொகுப்பு மேசையில் கணக்குப் பாடம் தொடங்கும். பாட்டு நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் போகிறது என்றால், ஒரு தட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு விநாடி, அதாவது 20 பிரேம். நான்கு தட்டுக்கு ஒரு ஷாட் மாற வேண்டுமானால் ஒவ்வொரு ஷாட்டும் 80 பிரேம் இருக்கும். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 67 ஷாட்கள் வேண்டும். அத்தனை ஷாட்டுக்குப் பொருள் இருக்கிறதா, எந்த இடத்தில் ஒரே ஷாட்டை நீளமாக விட வேண்டும் என்று பிள்ளைகள் உட்கார்ந்து யோசிப்பார்கள். விகிதக் கணக்கு அங்கே கலையின் கேள்வியாகிவிடுகிறது.

திரைப்படக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஓர் உத்தியை மாணவர்கள் ஒருமுறை செய்து பார்த்தால் மறக்கவே மாட்டார்கள். பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அதற்கு ஈடுகொடுத்து வாயசைக்க வேண்டும். அதை விநாடிக்கு 60 பிரேமில் பிடித்து, பின்னர் 30 பிரேமாக மெதுவாக்க வேண்டும். உதடுகள் இயல்பான வேகப் பாட்டோடு அப்படியே பொருந்தும். கூந்தலும் தாவணியும் ஏரித் தண்ணீரும் மட்டும் மிதப்பதுபோல மெல்ல அசையும். திரையில் பார்த்து மயங்கிய மந்திரம் எப்படி நடக்கிறது என்று தன் கையாலேயே கண்டுபிடித்த பிள்ளை, இனி எந்த விளம்பரத்தையும் அரசியல் காணொலியையும் அதே வெகுளித்தனத்தோடு பார்க்காது. ஊடகத்தைப் புரிந்துகொள்வது பற்றி நூறு அறிவுரை சொல்வதைவிட அந்த ஒரு மதிய நேரம் மேலானது.

முகத்தை வெளுக்க வேண்டாம்

கேமராவுக்கு முன் நிற்கும் முகத்தைப் பற்றியும் பேச வேண்டும். பல கைபேசிகளில் முகத்தை ‘அழகாக்கும்’ வசதி இருக்கிறது. கன்னத்தை மழுமழுவென்றாக்கி, நிறத்தை ஒரு படி வெளுக்கவும் செய்யும். நம் பிள்ளைகளின் கறுப்பு நிறத்தைத் திருத்தப்பட வேண்டிய குறையாக அந்தக் கருவி நடத்துகிறது. இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்ப்பதற்காக, கடந்த நூற்றாண்டின் நடுவில் கோடக் நிறுவனம் ஒப்பீட்டு அட்டைகளை அனுப்பிவந்தது. அவற்றில் இருந்தவர்கள் வெள்ளைத் தோல் கொண்ட பெண்கள். ‘ஷெர்லி அட்டை’ என்று அவற்றுக்குப் பெயரே இருந்தது. அந்தத் தோலுக்கு எது பொருந்துமோ அதுவே சரியான நிறம் என்றாயிற்று. கறுத்த முகங்கள் பல பத்தாண்டுகள் படங்களில் விவரம் இழந்து இருண்டு கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றும் வெள்ளைச் சுவருக்கு முன்னாலோ வெளுத்த வானத்துக்கு முன்னாலோ ஒரு கறுத்த பிள்ளையை நிறுத்தினால், தானியங்கி கேமரா பின்னணியின் வெளிச்சத்தைக் கணக்கில் கொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். திருத்துவது எளிது. அழகாக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்ச அளவை அதற்கேற்ப நிறுத்திப் பூட்ட வேண்டும். பின்னணிக்கு மரநிழலையோ செம்மண் சுவரையோ தேர்ந்தெடுக்க வேண்டும். காலை, மாலை வெயிலில் எடுக்க வேண்டும். தன் சொந்த நிறத்தில், தெளிவாகவும் கம்பீரமாகவும் தன்னைத் திரையில் காண்பது ஒரு மாணவிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஆசிரியர்கள் உணர வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே கேமராவைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம்.

யாருடைய மெட்டு, யாருடைய பெயர்?

உரிமை பற்றிய பாடமும் இதில் அடங்கியிருக்கிறது. பிள்ளைகள் உழைத்து எடுத்த காணொலி யூடியூபில் ஏற்றியதும் ஒலியிழந்து போவதுண்டு. திரைப்பாட்டை அப்படியே பயன்படுத்தியிருப்பார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கல்வி நிலையங்களுக்கு ஒரு சலுகை தருகிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் மட்டும் கூடும் அவையில் ஒரு பாட்டைப் பாடிக்காட்டுவது உரிமை மீறலாகாது. ஆனால் அதையே உலகம் பார்க்க இணையத்தில் ஏற்றினால் அந்தச் சலுகை பொருந்தாது. நம் பள்ளிகளில் பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

தமிழ் மாணவர்களுக்கோ ஒரு பெரும் சொத்து திறந்து கிடக்கிறது. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. பாரதிதாசன் உட்பட ஏராளமான எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியிருக்கின்றன. அந்தச் சொற்களை எடுத்துப் புது மெட்டில் பாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒருவர் அமைத்த மெட்டுக்கும் செய்த ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். எனவே சொந்த மெட்டு என்பதையே முதல் விதியாக்கலாம்.

பெயர் போடுவதும் கல்விதான். 2021இல் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டை உலகமே கேட்டது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த முன்னோரின் நினைவும், பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வும் பாடலாசிரியர் அறிவின் வரிகளில் இருந்தன. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாட்டின் பாடகி தீயும் மற்றொரு கலைஞரும் இடம்பெற்று அறிவு விடுபட்டபோது, உழைத்தவரின் பெயர் ஏன் மறைகிறது என்ற கேள்வி தமிழ்நாட்டில் பலமாக எழுந்தது. வகுப்பறையிலும் இது நடக்கிறது. பாடியவள் தெரிவாள், வரி எழுதியவன் மறைந்துவிடுவான். முதல் வரிசையில் ஆடியவர்களுக்குப் பாராட்டு கிடைக்கும், வெயிலில் தெர்மாகோல் பலகையைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்பியவனை யாரும் நினைக்க மாட்டார்கள். எழுத்தோட்டத்தில் எல்லோர் பெயரும், மெட்டைச் சொல்லிக்கொடுத்த பாட்டியின் பெயரும் வர வேண்டும் என்று ஒரு பள்ளி விதி செய்தால், அது நேர்மையின் முதல் பயிற்சி.

பாட்டுக்கு வலிமை உண்டு

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்போர் இரண்டு காணொலிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானி ஆலை விட்டுச்சென்ற பாதரசக் கழிவைப் பற்றி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு 2015இல் காணொலியாக வந்தது. பல்லாண்டுகளாக நீதி கேட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களின் குரல் சில நாட்களில் உலகெங்கும் கேட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு அந்த நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்களின் நீண்ட போராட்டமும் சட்ட வழக்கும்தான் அதைச் சாதித்தன. அந்தப் போராட்டத்தை உலகம் திரும்பிப் பார்க்கும்படி செய்தது பாட்டு. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றி கபேர் வாசுகி எழுதி, டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வந்தது. கர்நாடக இசை சபாவை விட்டிறங்கி, அனல்மின் நிலையங்களுக்கு முன்னால் நின்று சென்னைத் தமிழில் பாடியது. இரண்டையும் இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். ஓர் இடத்தில் நின்று, அந்த இடத்தைப் பற்றிப் பாடியதே இரண்டின் பலம். ஏரியைப் பற்றிப் பாடும் பிள்ளைகளுக்கும் அந்த பலம் உண்டு.

எதிர்ப்புகளும் பதில்களும்

பொதுத்தேர்வுக்கு நேரம் போதாத நிலையில் இதற்கு ஏது நேரம் என்று கேட்பார்கள். எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளில் ஒரு பருவத்துக்கு ஒரு காணொலி என்று வைத்துக்கொண்டால் நேரம் கிடைக்கும். தமிழ், அறிவியல், கணக்கு ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிட்டால் அது பாடவேளையைத் தின்னாது, பாடத்தையே நடத்தும்.

கைபேசியைப் பள்ளிக்குள் விடலாமா என்ற கேள்வி நியாயமானது. மாணவர்கள் கைபேசி கொண்டுவர வேண்டியதில்லை. பள்ளிக்குச் சொந்தமாக ஒரு கைபேசியும் ஒரு முக்காலியும் ஒரு மைக்கும் போதும். பதிவுகள் பள்ளிக் கணினியில் மட்டுமே இருக்க வேண்டும். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது பிரச்சினை தீர்ந்தது என்று பலர் எண்ணினார்கள். பிள்ளைகள் வேறு செயலிகளுக்குப் போனார்கள். யாரோ பாடியதற்கு வாயசைத்து விருப்பக்குறிகளை எண்ணும் பழக்கம் அங்கும் தொடர்ந்தது. அந்தப் பழக்கத்துக்கு நல்ல மாற்று, சொந்தமாக ஒன்றைச் செய்யும் மகிழ்ச்சிதான்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தையாகவே கருதுகிறது, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. முகம் தெரிய விரும்பாத பிள்ளை ஒலிப்பதிவிலோ தொகுப்பிலோ பணியாற்றலாம். காணொலியை இணையத்தில் ஏற்றியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பள்ளி வளாகத்திலோ ஊர்ச் சாவடியிலோ திரையிட்டாலே போதும். அந்த ஊர் பார்ப்பதைவிடப் பெரிய பார்வையாளர் கூட்டம் ஒரு பள்ளிக்குத் தேவையில்லை. பெண் பிள்ளைகளை ஆடவும் பாடவும் மட்டும் வைத்துவிட்டு, கேமராவையும் கணினியையும் ஆண் பிள்ளைகளிடம் கொடுத்துவிடும் வழக்கத்தையும் ஆசிரியர்கள் கவனித்து மாற்ற வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய கேள்வி இப்போது வந்து நிற்கிறது. ‘சுனோ’, ‘யுடியோ’ போன்ற செயலிகளில் ஒரு வரி எழுதினால் முழுப் பாட்டும் வந்துவிடும். அவை எந்தப் பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டன என்ற கேள்வியை எழுப்பி, பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் அமெரிக்க நீதிமன்றங்களுக்குச் சென்றன. மாணவர்களைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு தெளிவானது. இரைச்சலைக் குறைக்க, வரிகளைத் திரையில் எழுத்தாக இட, கருவியின் உதவியைப் பெறலாம். சொல்லும் மெட்டும் குரலும் பிள்ளைகளுடையதாகவே இருக்க வேண்டும். சுதி சற்று விலகினாலும் அது ஓர் ஊரின் குரல். பிழையே இல்லாத பாட்டு ஒன்று நொடியில் கிடைத்துவிட்டால், கைதட்டலின் அந்த ஒரு பிரேமைத் தேட எந்தப் பிள்ளை உட்காரும்?

அரசும் பள்ளிகளும் செய்ய வேண்டியவை

இதற்கான அடித்தளம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் உள்ளன. மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011இல் தொடங்கியது. 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பாகிறது. கலைத் திருவிழாவும் சிறார் திரைப்படத் திரையிடலும் அரசுப் பள்ளிகளுக்குள் வந்துவிட்டன. இவற்றை இணைக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆய்வகக் கணினிகளில் இலவசத் தொகுப்பு மென்பொருள்களை நிறுவி, பள்ளி நேரத்துக்குப் பின் திறந்துவைக்கலாம். கலைத் திருவிழாவில் மாணவர்களே எழுதி, இசைத்து, எடுத்து, தொகுத்த பாட்டுக் காணொலிக்குத் தனி மதிப்பளிக்கலாம். மினுமினுப்புக்கு மதிப்பெண் தராமல், வேலைக் குறிப்பேட்டையும் எல்லோரின் பங்களிப்பையும் பார்த்து மதிப்பிட வேண்டும். வசதியுள்ள பள்ளி வெளியே பணம் கொடுத்துச் செய்த படம், ஒற்றைக் கைபேசியில் பிள்ளைகள் செய்த படத்தைத் தோற்கடிக்கும் வழியை அடைக்க இதுவே உபாயம். பறை, ஒயில், கும்மி தெரிந்த ஊர்க் கலைஞர்களை உரிய ஊதியத்தோடு பள்ளிக்கு அழைக்க வேண்டும். அருகிலுள்ள கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் மாணவர்களை வழிகாட்டிகளாக அனுப்பலாம். சிறந்த காணொலிகளை, உரிய ஒப்புதலோடு, கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பலாம்.

தலைமை ஆசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு விழாவுக்கு வீடியோகிராபருக்குக் கொடுக்க ஒதுக்கிய பணத்தில் ஒரு நல்ல மைக்கும் முக்காலியும் வாங்குங்கள். மீதியை ஊர்க் கலைஞருக்குக் கொடுங்கள். பருவத் தொடக்கத்திலேயே ஒரு வகுப்பை அழைத்து, எதைப் பற்றிப் பாடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் எடுக்கும் படம் ஓரிடத்தில் ஆடும், ஓரிடத்தில் இருட்டும். அதை அடுத்த ஆண்டு அவர்களே சரிசெய்வார்கள். கூலிக்கு எடுத்த படத்தால் அந்த அடுத்த ஆண்டைத் தர முடியாது.